பவளத்துக்குத் தெரியாத ரிவோல்வர்

விக்னராஜா அண்ணையை மெல்பேணில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

பகிடி என்று நினைக்கவேண்டாம். எழுபதுகளின் நடுப்பகுதியில் தொழிற்சாலை ஆட்களுக்குச் சம்பளம் காசாகத்தான் கையில் கிடைக்கும். அந்தக் காசை வங்கியிலிருந்து எடுத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவென்றே நிறுவனங்கள் இருந்தன. பெரிய நிறுவனங்களிடம் இரும்பு வண்டியும் சீருடையும் இருந்தன. டொயில் என்ற கிழவர் தன் வீட்டுக் கராஜிலிருந்து நடத்திய நிறுவனத்திடம் இரண்டு பழைய கார்களும் சில ஆட்களும்தான். ஆனால் டொயில் ஒரு தந்திரம் வைத்திருந்தார். கொலின் என்ற மலை மாதிரி ஆள் காசுப் பையுடன் முன்னால் நடப்பான். கொஞ்சம் பின்னால், வேலைக்குப் போகிறவர் மாதிரி, கையில் சாப்பாட்டுப் பையும் கக்கத்தில் பேப்பருமாக இன்னொருவர் வருவார். கள்ளன் கொலினைத்தான் பார்ப்பான். பின்னால் வருகிறவரின் சேட்டுக்குள் ரிவோல்வர் இருப்பது அவனுக்குத் தெரியாது.

“உன்னை இந்த ஊரில் எவனும் பார்க்கமாட்டான்” என்று, பின்னால் வருகிற அந்த வேலைக்கு அண்ணையை எடுத்த முதல்நாளே டொயில் சொன்னாராம். அண்ணை அதைச் சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது. இலங்கைப் பொலிசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். அவர் ஜீப்பிலிருந்து இறங்கினால் சந்தியில் நிற்கிற சண்டியர்கள் எல்லாம் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு நிற்பார்களாம். அப்படிப்பட்ட மனிதரின் கறுத்த நிறமும் ஒட்டிய கன்னமும்தான் இந்த ஊரில் அவருக்குத் தொழில் தகுதியாயின. அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன், இன்றைக்கும் எடுக்கிறேன்.

நாங்கள் இரண்டு குடும்பமும் கிளென் வேவர்லியில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். அப்போது தமிழ்க் குடும்பம் என்றால் விரல்விட்டு எண்ணலாம். கோயில் கிடையாது. தேங்காய் கிடைத்தாலே ஒருவருக்கொருவர் போன் எடுத்துச் சொல்லுகிற காலம். என்னிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. ஆகையால் ஊரில் உள்ள சாறிச் சட்டையெல்லாம் என் குசினி மேசையில்தான் கிடக்கும். விக்னராஜா அண்ணையின் ரகசியமும் ஒருநாள் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது.

அதைச் சொல்லுமுன் பவளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பவளம் அண்ணையின் மனைவி. என்னைவிட இளையவள், ஆஸ்பத்திரியில் வேலை. அவளுடைய தமையனும் பொலிஸ்காரர், விக்னராஜா அண்ணையின் கூட்டாளி. எழுபத்தொன்றில் தெற்கே கிளர்ச்சி வந்தபோது தமையன் இருந்த பொலிஸ் நிலையத்தைக் கிளர்ச்சிக்காரர் அடித்தார்கள். அன்று அவருக்கு லீவு. ரிவோல்வரை ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டு, பின்பக்கக் குவாட்டர்சில் சாரத்தோடு நின்றவர். சத்தம் கேட்டு வெறுங்கையோடு ஓடிவந்து வாசலிலேயே விழுந்துவிட்டார்.

“அவங்கள் என்ர அண்ணையைத் தேடி வரேல்லை. துவக்கைத் தேடி வந்தவங்கள்” என்று பவளம் சொல்லுவாள். அதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டாள். செத்தவீட்டோடு விக்னராஜா அண்ணையிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். இனித் துவக்குத் தொடக்கூடாது. தொட்டால் அவள் அந்த வீட்டில் இருக்கமாட்டாள். சும்மா வாய்ச்சொல் இல்லை, பவளம் சொன்னால் செய்கிற பிறவி. அண்ணை உத்தியோகத்தை உதறினார், இருவரும் இங்கே வந்தார்கள்.

இங்கே வந்து கார்த் தொழிற்சாலையில் கதவைத் தூக்கிப் பொருத்துகிற வேலை செய்தார். குனிந்து நிமிர்ந்து ஒரு வருஷத்தில் நாரி விட்டுப்போய்விட்டது. பிறகு எங்கே போனாலும் வயசு கேட்டார்கள், இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்துவிட்டு ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். கடைசியில் டொயில்தான் எடுத்தார். அண்ணை பவளத்திடம் சம்பளக் கந்தோரில் வேலை என்று சொல்லிவிட்டார். அரைப் பொய்தான். ஆனால் பவளத்துக்கு மற்ற அரை தெரிந்தால் அன்றைக்கே பெட்டி கட்டிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை பகல், பவளம் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. குசினிக் கதிரையில் இருந்து, பெட்டியைத் திறந்து, துணியை விரித்து மேசையில் வைத்தார். நான் சுருட்டி வைத்திருந்த பிளவுஸ் துணிக்குப் பக்கத்தில் ரிவோல்வர். என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார். வீரமான மனிதர்!

“பயப்பிடாதேங்கோ யோகா, குண்டு இல்லை. லைசென்ஸ் எல்லாம் ஒழுங்கா இருக்கு” என்றார் அண்ணை. திறந்து உள்ளே காட்டினார். “இது வெளியில தெரியக்கூடாது. கள்ளனுக்கும் தெரியக்கூடாது, பவளத்துக்கும் தெரியக்கூடாது. கள்ளன் பறவாயில்லை, அவன் தூரத்தில நிண்டு கண்ணால மட்டுந்தான் பாப்பான்.”

அன்று எனக்குத் துவக்கு வகுப்பு நடந்தது. டொயில் அவரைத் தெரிவுசெய்யச் சொல்லி மூன்று வைத்தாராம். முதலாவது நீளக் குழல் உள்ளது, இலங்கைப் பொலிசில் அவர் பழகிய மாதிரி. கைக்கு நல்லது, குறி தப்பாது. ஆனால் அதை இடுப்பில் சொருகினால் கதிரையில் இருக்கேலாது, இருந்தால் விலாவில் குத்தும். இரண்டாவது தட்டையான ஒட்டோமற்றிக். ஒளிக்க அதைப்போல் சுகம் வேறில்லை, பொக்கற்றில் போட்டாலும் தெரியாது. “ஆனா அது இடையில இறுகிச்சுதெண்டா ரெண்டு கையும் வேணும், நிதானமும் வேணும். என்ர ஒரு கையில சாப்பாட்டுப் பை. கொலின்ர முதுகு என்னை நம்பித்தான் முன்னால போகுது” என்றார். ஆகையால் மூன்றாவது. குட்டைக் குழல், ஐந்து குண்டு மட்டும். தூரத்துக்குச் சரிவராது, சுட்டால் கையை உதைக்கும். ஆனால் ஒளிக்கலாம், நம்பலாம். தடித்த கைபிடியைக் கழற்றி மெல்லியதொன்று போட்டிருந்தார்.

துவக்கு சுகமாக முடிந்தது, உறைதான் பெரும்பாடு. அக்குளில் தொங்குகிற உறையைக் கட்டினால் மேலே கோட்டுப் போடவேண்டும். மெல்பேணில் தை மாதம்தான் கொளுத்துகிற கோடை, அந்த வெயிலில் கோட்டோடு நடந்தால் ஒருவரும் பார்க்காத ஆளை ஊரே பார்க்கும். கணுக்காலில் கட்டுகிறதையும் கட்டிக் காட்டினார். அண்ணையின் கால் ஈர்க்கு. நடந்தால் அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்தார். அதோடு நம் ஆட்களின் வீட்டில் நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கும்போது காற்சட்டை மேலே ஏறினால் கதை முடிந்தது. கடைசியில் காற்சட்டைக்கு உள்ளே, வலது இடுப்புக்குக் கொஞ்சம் பின்னால் சொருகுகிற தோல் உறைதான் சரி என்று வந்தது. துவக்கை எடுத்த பிறகும் வாய் விரிந்து நிற்கிற, விசையை முழுக்க மூடுகிற உறை. அதற்குத் தடித்த பெல்ற் வேண்டும், காற்சட்டை ஒரு அளவு கூட வேண்டும்.

பிறகு என் வேலை. சேட்டுகளின் பக்கத்துத் தையலைப் பிரித்து வலப்பக்கம் மட்டும் விட்டுத் தைத்தேன். கார்டிகனுக்கு உள்ளே பழைய பாவாடையின் வழுவழுப்பான சாட்டின் துணியை வைத்தேன், துவக்கின் பிடி கம்பளியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வர. குசினிக்குள் அங்குமிங்கும் நடக்கவிட்டு, குனியவிட்டு, மேல் தட்டிலிருந்து சீனிப் போத்தலை எடுக்கவிட்டுப் பார்த்தேன். கையை மேலே தூக்கும்போதுதான் சேட்டு இழுபட்டுக் கைபிடி தெரிந்தது. “அண்ணை, இனி வீட்டில மேல் தட்டில ஒண்டும் எடாதேங்கோ” என்றேன்.

“அதுக்குத்தான் நான் ஏற்கெனவே சோம்பேறி எண்டு பேர் எடுத்திட்டன்” என்றார்.

பகிடியும் சிரிப்புமாகத்தான் போனது. ஆனால் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூட்டுப் பிரார்த்தனை. அண்ணை வேலையால் நேரே வருவார். துவக்கைக் காரில் விடமுடியாது, அது சட்டம். தோல் உறையோடு சாமியறைக்குள் போகமுடியாது, அது அவருடைய சட்டம். ஆகவே எல்லோரும் நிலத்தில் இருந்து தேவாரம் பாட, அவர் மட்டும் வெளி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு விறைத்துப்போய் இருப்பார். “பொலிசில இருந்த திமிர் இன்னும் போகேல்லை” என்று ஒரு டொக்டரின் மனைவி என் காதுக்குள் சொன்னாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. பவளம் பக்கத்தில் இருந்தபடியால் தேவாரத்தை உரத்துப் பாடினேன்.

வீட்டில் ரிவோல்வர் அந்த இரும்புப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு, கராஜில் ஆணியும் சுத்தியலும் இருக்கிற தட்டில் இருக்கும். பூட்டின் திறப்பு அவர் கழுத்துச் சங்கிலியில். கார் திருத்துகிற ஆயுதப் பெட்டி என்று பவளத்துக்குச் சொல்லியிருந்தார். அது எவ்வளவு பெரிய பிழை என்று நவராத்திரிக்குத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூசை பவளம் வீட்டில். நான் பின்னேரமே என் கத்தரிக்கோலையும் தையல் பெட்டியையும் கொண்டுபோய்விட்டேன். பிள்ளைகள் எல்லாப் பாடப் புத்தகத்தையும் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள், அடுத்தநாள் பூசை முடியும்வரை ஒருவரும் படிக்கச் சொல்லமாட்டார்கள் என்ற சந்தோஷம். ஒருவரின் மிருதங்கம், ஒருவரின் ஸ்ரெதஸ்கோப், பவளத்தின் தாதிக் கைக்கடிகாரம். எல்லாவற்றுக்கும் நடுவில், சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, சந்தனமும் குங்குமமும் பூசி, ஒரு செவ்வரத்தம்பூ வைத்து, அந்த இரும்புப் பெட்டி.

அண்ணை அன்று சம்பளக் காசு இல்லாத நாளென்று வெறுமனே டொயிலின் காரைக் கழுவப் போயிருந்தார். வந்து, கால் கழுவி, வேட்டியோடு சாமியறை வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“உங்கட ஆயுதத்தையும் வைச்சிட்டன்” என்றாள் பவளம். “ஒரு வருஷமும் வைக்கேல்லையே.”

அண்ணை ஓம் என்று தலையாட்டினார். தீபம் காட்டும்போது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சபையே அறியாமல் ஒரு ரிவோல்வரைக் கும்பிட்டது. இன்னொரு நாள் என்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஆனால் அடுத்தநாள் சம்பள நாள் என்பது எனக்குத் தெரியும். விடியவே அண்ணை கொலினோடு போகவேண்டும். விசயதசமிப் பூசை காலை ஒன்பதுக்குத்தான். பூசையில் வைத்த பொருளை அது முடியும்வரை அசைக்கக்கூடாது.

காலைப் பூசைக்கு மோதகம் அவிக்கவேண்டும் என்று நான் அன்று அங்கேயே தங்கினேன். விடியப்புறம் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டு நிற்க, அண்ணை வந்தார். வேலைக்கு உடுத்தியிருந்தார். நான் தைத்துக் கொடுத்த சேட்டு. அதன் வலப்பக்கம் வெறுமையாகத் தொங்கியது, உள்ளே உறை மட்டும்.

“யோகா, என்ன செய்யிறது?” என்றார்.

“எனக்கு என்ன தெரியும் அண்ணை. சுகமில்லையெண்டு போன் எடுங்கோவன்.”

“எடுத்தா டொயில் கொலினைத் தனிய அனுப்பிப்போடுவார். போன மாசம் வேற ஒரு கொம்பனி ஆளுக்குத் தொடையில சுட்டவங்கள் எல்லே. பேப்பரில பாத்தனீங்கள்தானே.”

பெட்டியை மெல்ல எடுத்துக்கொண்டு போகலாம். பவளம் குளித்துவிட்டு வந்து நடுவில் வெறுமையைக் காண்பாள். பெட்டியை அங்கேயே விட்டுத் துவக்கை மட்டும் எடுக்கலாம், ஆனால் அதற்கு அவருக்கே கை வராது என்று எனக்குத் தெரிந்தது. கள்ளனைப் பிடித்த கைதான், சாமி காலடியில் வைத்ததைத் தொடத் துணியவில்லை. மிச்சம் இருந்தது ஒரு வழி, பவளத்திடம் சொல்லுவது. சொன்னால் அவள் போய்விடுவாள். அவர் திருவலகையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவளை நினைக்க அதைவிடப் பாவமாக இருந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. பவளம் தலையில் துவாய் சுற்றியபடி குசினி வாசலில் வந்து நின்றாள்.

“வேலைக்கு வெளிக்கிட்டாச்சு, என்ன நிக்கிறியள்?”

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “பவளம், அந்தப் பெட்டிக்குள்ள ஸ்பானர் இல்லை. துவக்கு இருக்கு. சத்தியத்தை மீறிப்போட்டன். வேற வேலை கிடைக்கேல்லை” என்றார். பொலிஸ் அறிக்கை வாசிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். “நீ என்ன சொன்னாலும் கேக்கிறன். ஆனா இப்ப நான் போகவேணும். பூசையைக் குழப்பமாட்டன், வெறுங்கையோட போறன். கொலினிட்ட உண்மையைச் சொல்லி, அவனுக்குப் பக்கத்திலயே நடக்கிறன்.”

பவளம் துவாயை அவிழ்த்து மடித்தாள். “தெரியும்” என்றாள்.

நான் திருவுவதை நிறுத்தினேன்.

“முதல் கிழமையே தெரியும். உங்கட சேட்டு உள்பக்கத்தில எண்ணெய்க் கறை. என்ன தோய்ச்சாலும் போகாது. என்ர அண்ணையின்ர சேட்டெல்லாம் தோய்ச்சவள் நான், அந்த மணம் எனக்குத் தெரியாதே? எப்ப சொல்லுவியள், எப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.”

“அப்ப ஏன் அதைக் கொண்டுவந்து சாமிக்கு முன்னால…”

“ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?” என்றாள் பவளம். “நீங்கள் போற நாளெல்லாம் வயித்தில நெருப்பு. ஒரு இரவாவது அது சரஸ்வதியின்ர காலடியில கிடக்கட்டும் எண்டு வைச்சனான். இண்டைக்கு எழும்பி, நான் போறன் எண்டு உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான். இப்ப நீங்கள் வெறுங்கையோட போறன் எண்டுறியள்.”

அடுப்பில் மோதகத் தண்ணீர் கொதித்தது. பவளம் கண்ணைத் துடைத்தாள்.

“என்ர அண்ணையும் அண்டைக்கு வெறுங்கையோட நிண்டவர்” என்றாள்.

அவள் சாமியறைக்குள் போனாள். ஈரத் தலையோடு விளக்கை ஏற்றினாள். ஒன்பது மணியும் இல்லை, ஆட்களும் இல்லை, மோதகமும் அவியவில்லை. கற்பூரத்தைக் கொளுத்தி, தனக்குத் தெரிந்த பாட்டைப் பாதி பாடி, மணியை அடித்து விசயதசமிப் பூசையை முடித்துவிட்டாள். நானும் அண்ணையும் வாசலில் கைகூப்பி நின்றோம். பிறகு செவ்வரத்தம்பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரும்புப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து அவரிடம் நீட்டினாள்.

அண்ணை கழுத்துச் சங்கிலியிலிருந்து திறப்பை எடுத்தார். ரிவோல்வரை எடுத்து, குண்டுகளைப் போட்டு, சேட்டைத் தூக்கி உறைக்குள் வைத்தார். புருஷனின் இடுப்பில் அதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்வையைத் திருப்பவில்லை. அவர் சேட்டை இழுத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்து, “போட்டு வாறன்” என்றார்.

“நில்லுங்கோ.” பவளம் அவரைச் சுற்றிப் போய்ப் பின்னால் நின்று பார்த்தாள். “கையைத் தூக்குங்கோ.”

அவர் தூக்கினார்.

“தெரியுது” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “யோகாக்கா, பூசை முடிஞ்சுதுதானே. உங்கட கத்தரிக்கோலை எடுங்கோ. இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் விட்டுத் தைக்கவேணும்.”